ஆண்டுதோறும் இறந்த இருளப்பன்

நம்மிடையே நினைவுநாள் வீரர் என்றோர் இனம் உண்டு. அபூர்வமான இனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மைக்கும் நாலு நாற்காலியும் எங்கே கிடைக்கின்றனவோ அங்கெல்லாம் முளைக்கும். போருக்குப் போனவர் ஒரு ரகம், போரில் மாண்டவர் இன்னொரு ரகம். இவர் இரண்டிலும் சேராதவர். போரெல்லாம் முடிந்து, புல் முளைத்து, மாடு மேய்ந்த பிறகு, அதை வருடத்துக்கொரு தடவை பெட்டியிலிருந்து எடுத்து உதறிக் காட்டிவிட்டுத் திரும்ப மடித்து வைக்கிறவர். உதறும்போதெல்லாம் துணி கொஞ்சம் நீளும். அதுதான் இந்த இனத்தின் தனிச்சிறப்பு.

மலாயாவின் கேமரன் மலையில், தானா ராத்தா ஊருக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி ஒருவர் இருந்தார். பெயர் ரெங்கசாமி. தேயிலை ஃபேக்டரியில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. மற்ற நாளெல்லாம் தூள் மூட்டைகளை எண்ணிக்கொண்டு, மூக்கில் கண்ணாடி நழுவ, ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனிதர். மார்ச் மாதம் பிறந்துவிட்டால் போதும், நடையே மாறிவிடும். இடது காலை லேசாக இழுப்பார். ஏன் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு, "அது ஒரு பழைய கத" என்பார். ஏப்ரலில் கால் தானாகக் குணமாகிவிடும்.

எந்தப் போர் என்கிறீர்களா? ஜப்பான்காரன் காலத்தில், மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பால் மரம் சீவிக்கொண்டும் கொழுந்து எடுத்துக்கொண்டும் இருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்களே, பர்மாக் காடு வழியாக இந்திய எல்லை வரை போய் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு மோதினார்களே, அந்தப் போர். போன பலர் திரும்பவில்லை. போர் தோற்றுப்போனது என்று சரித்திரப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதாம். எழுதட்டும். நம் தோட்டத்து மைதானத்தில் அது வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஜெயித்துக்கொண்டே வந்தது.

மார்ச் மாத நினைவுநாள் விழாவுக்கு ஒரு மாதம் முன்பே ரெங்கசாமி ஆங்கிலத்தில் பவ்யமாக மனு எழுதுவார். யாருக்கு? வெள்ளைக்காரத் துரைக்கு. வெள்ளைக்காரனை விரட்டிய போரைக் கொண்டாட வெள்ளைக்காரனிடமே மைதானம் கேட்பதில் அவருக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. துரையும் நல்ல மனிதர். மைதானத்தோடு கூட்டத்துக்குத் தேயிலையும் இலவசமாகக் கொடுத்து, தாமே வந்து முதல் வரிசையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டும் போவார். அந்தப் பத்து நிமிடமும் ரெங்கசாமியின் பேச்சில் எதிரிக்கு "அந்நியர்" என்று பெயர். துரையின் கார் வளைவு திரும்பியதும் "வெள்ளைப் பரங்கி" ஆகிவிடுவான்.

பேச்சு எப்படித் தொடங்கும் என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? "நான் அதிகம் பேசப் போவதில்லை!" உடனே அனுபவசாலிகள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பேச்சுக்கு முன்னால் மௌன அஞ்சலி. எல்லோரும் கண்ணை மூடியிருக்க, இவர் மட்டும் ஒரு கண்ணை அரைவாசி திறந்து, யார் திறந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். பிறகு எல்லை, காடு, மழை, அட்டை, பசி. பிறகுதான் எல்லோரும் காத்திருக்கும் கட்டம். இருளப்பன் சாகும் கட்டம்.

"என் மடியில் சாய்ந்தான் இருளப்பன். 'அண்ணே, தண்ணி' என்றான். என் குடுவையில் ஒரே ஒரு வாய் தண்ணீர். கொடுத்தேன். கண்ணை மூடுமுன் அந்த மாவீரன் சொன்ன கடைசி வார்த்தை என்ன தெரியுமா, தோழர்களே?"

தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் மூச்சு விடமாட்டார்கள்.

"பாஞ்சாலை!"

முதல் வரிசையில், பேச்சுக்கு முன்பே போர்த்திய சால்வையோடு, இருளப்பன் மனைவி பாஞ்சாலை உட்கார்ந்திருப்பாள். நெற்றி வெறுமையாக இருக்கும். கல்யாணமாகி நாலே மாதத்தில் அவன் ராணுவத்தில் சேரப் போனான். அதன் பிறகு அவள் அந்தத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துத் தனியாகவே வயதாகிவிட்டாள். தன் பெயர் ஒலிபெருக்கியில் அலறும்போது அவள் அழமாட்டாள். தலையை மட்டும் லேசாக ஆட்டுவாள், சரியான விலாசத்துக்கு வந்த தபாலை வாங்கிக்கொள்வதுபோல.

இனி உண்மை. ரெங்கசாமியும் இருளப்பனும் ஒன்றாகத்தான் கிளம்பினார்கள். ஈப்போ பக்கத்துப் பயிற்சி முகாம் வரை ஒன்றாகத்தான் போனார்கள். அங்கே ரெங்கசாமிக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து, அது விட்டபின் சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கப் போட்டார்கள். பர்மா ரயிலில் அவரை யாரும் ஏற்றவே இல்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெங்காயம் உரிக்காமல் எந்தப் படையும் நடந்ததில்லை. அவர் காய்ச்சலில் கிடந்தபோதே ஒருநாள் காலை இருளப்பனின் பாய் காலியாகக் கிடந்தது. எல்லைக்குப் போகும் படையில் சேர்த்துவிட்டார்கள் போலும் என்றார்கள். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

சண்டை ஓய்ந்து அவர் தோட்டத்துக்குத் திரும்பியபோது, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் முனையில் பாஞ்சாலை நின்றிருந்தாள். "அண்ணே, அவரு எங்க?" என்றாள்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியவில்லை என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். ரெங்கசாமி, "போயிட்டாரு தங்கச்சி" என்றார். எங்கே போனான் என்று சொல்லவில்லை. நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று ஊருக்குப் போவது, இன்னொன்று திரும்பாத ஊருக்குப் போவது. அவள் இரண்டாவதை எடுத்துக்கொண்டு தாலியைக் கழற்றினாள். அவர் திருத்தவில்லை. திருத்தாத பிழை வளராமல் இருக்குமா? ஒரு வருடம் கழித்து அவன் குண்டடிபட்டான். அப்புறம் மடி வந்தது. தண்ணீர் வந்தது. அவள் ஒரு சாயங்காலம் அவரைத் தனியாகப் பிடித்து, "கடைசியா ஏதாச்சும் சொன்னாரா அண்ணே?" என்று கேட்டபோது, அந்த முகத்தைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்ல மனம் வராமல், அவளுடைய பெயரையே எடுத்து அவளுக்குக் கொடுத்தார். அது இரக்கம்தான். இரக்கமாகவே இருந்திருக்கும், பிறகு மைக் வராமல் இருந்திருந்தால்.

முப்பத்தைந்தாம் ஆண்டு விழா வந்தது. தடபுடல். போன வருட விழாவைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் நாலு வரி வந்திருந்ததால் ரெங்கசாமிக்குத் தலைகால் புரியவில்லை. மேடையில் நேதாஜி படம், பக்கத்தில் தியாகி இருளப்பன் படம். இருளப்பனுக்குப் படம் ஏது என்கிறீர்களா? முந்தின வருடமே ஈப்போவில் ஓர் ஓவியரிடம் ரெங்கசாமி அடையாளம் சொல்லி வரைந்து வாங்கியது. மீசை ஒரு சாண். மார்பு மேடையளவு. மூக்கு மட்டும் ரெங்கசாமியின் மூக்கு. அடையாளம் சொல்லும்போது ஓவியர் எதிரே இருந்த மூக்கைப் பார்த்து வரைந்துவிட்டார்.

மைக் செட் அகஸ்டினுடையது. பிரிஞ்சாங் சந்தைக்கு முட்டைகோசு லோரி ஓட்டுகிறவன்; கோயில் திருவிழா, மாதா தேர், மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் அவன் குழாய்தான்.

"அண்ணே, இந்த வருஷம் சுருக்கமா முடிச்சுருங்க லா. பேட்டரி பழசு," என்றான்.

"தியாகத்துக்கு பேட்டரி பாக்குறியா நீ?" என்றார் ரெங்கசாமி.

துரை வந்து போனார். அந்நியர் பரங்கியானான். பனி மைதானத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ரெங்கசாமி அன்று உச்சத்தில் இருந்தார். இருளப்பன் அன்றைக்கு மூன்று குண்டு வாங்கி, ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டே சாய்ந்தான். கூட்டத்தின் கடைசியில், அடிவாரத்திலிருந்து திரும்பிய காய்கறி லோரியில் வந்திறங்கிய ஒரு வயதான ஆள், துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ரெங்கசாமி பார்த்துவிட்டார். எத்தனையோ வருடமாகப் பேசுகிறார். இப்படி ஓர் அழுகையை அவர் கண்டதில்லை. உள்ளம் பூரித்துப்போனது. "பாஞ்சாலை!" என்று முடித்த கையோடு, "அதோ, ஊர் பேர் தெரியாத ஒரு பெரியவர், இருளப்பனை முன்பின் பாராதவர், கண்ணீர் விடுகிறார்! ஐயா, மேடைக்கு வாங்க! நாலு வார்த்தை சொல்லுங்க!" என்று அழைத்தார்.

பெரியவர் தயங்கினார். பக்கத்திலிருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். மேடையேறி, மைக்கை ஒரு பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினார்.

"கிராணியாரு ரொம்ப நல்லா சொன்னாருங்க. எனக்கே நான் செத்தது அப்படியே கண்ணு முன்னால வந்துருச்சு."

கூட்டத்தில் யாரோ கெக்கெக்கே என்று சிரித்துப் பாதியில் நிறுத்தினார்கள்.

"நான்தாங்க இருளப்பன். வடக்கே கெடாவுலேருந்து வர்றேன். என் படத்துக்கு மால போடுறாங்கன்னு பேப்பர்ல வந்துருக்குன்னு ஒரு பையன் படிச்சுச் சொன்னான். பாத்துட்டுப் போலாம்னு..." படத்தின் பக்கம் திரும்பினார். "இது யாருங்க?"

ரெங்கசாமி அந்த முகத்தைப் பார்த்தார். மீசையில்லை, பல்லில் பாதியில்லை. ஆனால் முகாமில் பக்கத்துப் பாயில் படுத்து, ஊர்க்கதை பேசிச் சிரித்த அந்தக் கண்கள் அப்படியே இருந்தன. முதலில் வந்தது சந்தோஷம்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். அடடா, இருக்கிறானே! ஆனால் அதை ஒரு மூச்சுகூட அனுபவிக்க விடாமல் பின்னாலேயே வந்தது பயம். அவன் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்து, "யோவ், நீ செத்துட்டேல்ல!" என்றார், கெஞ்சுவதுபோல.

"இல்லண்ணே. காச்சல்ல நீங்க கெடந்தீங்களே, அப்பவே பயந்துகிட்டு ஓடிட்டேன். அலோர் ஸ்டார் பக்கம் ஒரு தோட்டத்துல பேர மாத்திக்கிட்டு இருந்துட்டேன். அங்கயே ஒரு குடும்பமும் ஆயிப்போச்சு. நீங்க எல்லைக்கா போனீங்க? நல்லவேள, தப்பிச்சு வந்தீங்க!"

இதற்குள் பாஞ்சாலை எழுந்து மேடையோரம் வந்திருந்தாள். இருளப்பனை அவள் பார்க்கவில்லை. ரெங்கசாமியைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, அப்ப ஒங்க மடியில செத்தது யாரு?"

அன்றுதான் அந்த மைதானத்தில் உண்மையான மௌன அஞ்சலி நடந்தது. யாரும் கண்ணை மூடவில்லை என்பது ஒன்றுதான் குறை.

"அது... போர்க்களம் பாரு தங்கச்சி. பொக. இருட்டு. மொகம் சரியா..."

"தண்ணி கேட்டாருன்னீங்க."

"கேட்டாரு..."

"எம்பேரச் சொன்னாருன்னீங்க. வேற எவனாச்சும் எம்பேரச் சொல்லிக்கிட்டா செத்தான்?"

அகஸ்டின் மெல்லப் போய் மைக்கை அணைத்தான். அவன் செய்த ஒரே தப்பு, அதைக் கொஞ்சம் முன்னாலேயே செய்யாமல் விட்டது.

பாஞ்சாலை இப்போது இருளப்பனிடம் திரும்பினாள். "படத்தப் பாக்கணும்னு வந்தே. என்னப் பாக்கணும்னு தோணலியா?"

இருளப்பன் துண்டின் நுனியைத் திருகினார்.

"சண்ட முடிஞ்சு நாலஞ்சு வருஷம் கழிச்சு, ஃபேக்டரியில பாய்லர் பாத்துக்கிட்டிருந்த ஒருத்தரு என்னக் கட்டிக்கிறேன்னு கேட்டாரு. நல்ல மனுஷன். கடைசி மூச்சுல எம்பேரச் சொன்னவருக்குத் துரோகம் பண்ணக் கூடாதுன்னு வேணாம்னுட்டேன்." அவள் குரல் உயரவே இல்லை. "அந்த ஒரு வார்த்தைக்காக."

இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை, வாசகரே. மன்னித்துவிடுங்கள்.

அவள் சால்வையை எடுத்து ரெங்கசாமி தோளில் போட்டாள். ஓரத்தை இழுத்துச் சரிசெய்தும் விட்டாள். பிறகு பனிக்குள் நடந்து லயத்துப் பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் காலைவரை கீழே போக லோரி கிடையாது. செத்த வீரர் எங்கே தங்குவார்? கொன்றவர் வீட்டில்தான். ரெங்கசாமி மனைவி ருக்குமணி இருவருக்கும் இலை போட்டாள். "பர்மாவுல இதெல்லாம் கெடச்சிருக்காது, நல்லா சாப்புடுங்க," என்று சொல்லிக்கொண்டே ரசத்தை ஊற்றிய வேகத்தில் இரண்டு வீரர்களும் இலையிலிருந்து பின்வாங்கினார்கள். கேமரன் மலையில் அன்று நடந்த ஒரே போர் அதுதான்.

ரெங்கசாமிக்குச் சோறு இறங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு லயத்தைப் பார்த்து நடந்தார். நம்புங்கள், அவர் நிஜமாகவே மன்னிப்புக் கேட்கத்தான் போனார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். 'தங்கச்சி, நான் போருக்கே போகல. எனக்கு ஒண்ணும் தெரியாது. தப்பு என்மேலதான்.' அவ்வளவுதான். மூன்றே வாக்கியம். பாஞ்சாலை கதவைத் திறந்தாள். அவர் தொண்டையைச் செருமினார். செருமிய உடனே, பாவம், என்ன செய்வார், இத்தனை வருடப் பழக்கம்! கால் அகன்றது, மார்பு நிமிர்ந்தது, வலது கை தானாக மேலே போனது.

"தாய்க்குலத்தின் திலகமே! நான் அதிகம் பேசப் போவதில்லை..."

கதவு சாத்திக்கொண்டது.

மூடிய கதவுக்கு அந்த மூன்று வாக்கியத்தையும் மெல்லச் சொன்னார் என்று பக்கத்து வீட்டு வேலாயி சொல்கிறாள். உள்ளே கேட்டதா என்று அவளுக்குத் தெரியாது.

இதோடு மனிதர் அடங்கிவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியவில்லை. ஒரு மாதம் மூட்டைகளை எண்ணினார். இரண்டு மாதம் யாரிடமும் பேசவில்லை. மறு பிப்ரவரியில் மறுபடியும் துரைக்கு மனு. மார்ச்சில் கால் இழுத்தது. இந்த முறை வலது கால். சுவரொட்டியில், "தியாகத்தின் வாழும் சாட்சி, மாவீரர் இருளப்பன் நேரில் தோன்றுகிறார்!" கெடாவிலிருந்து வரச் செலவுக்குப் பணமும் அனுப்பி வரவழைத்திருந்தார்.

"செத்தான் என்றுதான் நானும் நினைத்தேன், தோழர்களே! ஆனால் விட்டேனா? குண்டடிபட்ட இவனை முதுகில் சுமந்து இரண்டு ஆறுகளை நீந்திக் கடந்தேன்!"

இருளப்பன் முதலில் தலையைக் குனிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தார். கைதட்டல் வந்தது. தலை கொஞ்சம் நிமிர்ந்தது. புதுச் சால்வை தோளில் விழுந்தது. முதுகு நேரானது. மைக்கைக் கையில் கொடுத்ததும், "அண்ணன் அடக்கமா சொல்றாரு," என்றார். "மொத்தம் மூணு ஆறுங்க. கடைசி ஆத்துல மொதல கெடந்துச்சு."

இப்படித்தான் இந்த இனம் பெருகுகிறது.

பாஞ்சாலை வரவில்லை. அவளுடைய நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல் ரெங்கசாமி காலியாகவே வைத்திருந்தார். பேச்சின் நடுவில் இரண்டு முறை அந்தப் பக்கம் பார்த்துத் தடுமாறினார் என்று அகஸ்டின் சொன்னான். அவள் அந்நேரம் பிரிஞ்சாங்குக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு முழம் பூ. நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். வேலாயி வாயைப் பிளந்து, "என்னடி இது கோலம்?" என்றாள்.

"புருஷன் உசுரோட இருக்காருல்ல? வைக்கக் கூடாதா?"

"அப்ப அவர வீட்டுக்குள்ள சேத்துக்கப் போறியா?"

"அவரா? அவருக்கு மைதானத்துல வேலயிருக்கு," என்றாள் பாஞ்சாலை. சன்னலோரம் பார்த்து உட்கார்ந்தாள்.

சிரித்தீர்களா? நல்லது. சிரித்து முடித்துவிட்டீர்கள் என்றால் ஒன்று கேட்கிறேன். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், அந்தக் காலத்து வெள்ளத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் இடுப்பளவு வந்தது என்று சொன்னீர்களாமே? கணுக்கால் அளவு என்றல்லவா உங்கள் மனைவி எப்போதும் சொல்வார்? எதிரே உட்கார்ந்திருந்தவர், "அடேயப்பா, அப்புறம்?" என்று கேட்டுவிட்டார், நீங்களும் பாவம், என்ன செய்வீர்கள். அந்த "அப்புறம்?" இருக்கிறதே, அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். எதற்கும் கொஞ்சம் எழுந்து நடந்து பாருங்கள். எந்தக் காலாவது லேசாக இழுக்கிறதா?